ஒரே தொட்டி, ஒரே குழாய்: கடைசித் தெருவுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. எங்கே தொடங்குவது?

கேள்வி: தென்கோடி

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். 210 வீடு, 820 பேர். காவிரி கூட்டுக் குடிநீர்த் தண்ணீர் தரைமட்டத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மோட்டாரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியின் அடித்தளம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரம். நாளுக்கு ஒரு தொட்டிதான் நிறையும். ஊர் ஆழ்குழாய்க் கிணறு உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும்.

தொட்டியிலிருந்து இரண்டு கிளைக் குழாய். வடக்குக் கிளையில் 110 வீடு, அங்கே குறை இல்லை. தெற்குக் கிளை 63 மி.மீ. பி.வி.சி., மொத்தம் 600 மீட்டர். முதல் 300 மீட்டரில் 62 வீடு. அதைத் தாண்டி தெற்குத் தெரு 38 வீடு, ஆதிதிராவிடர் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு குழாய் போட்டபோது பழைய லைனின் நுனியில் அதே 63 மி.மீ. குழாயை ஒட்டி இழுத்துவிட்டார்கள்.

இரண்டு கிளையையும் ஒன்றாகத் திறக்கிறார்கள். தெற்குத் தெருவில் முதல் அரை மணி நேரம் குழாயில் காற்றுதான் வருகிறது. பிறகு சொட்டு. 50 நிமிடத்தில் தொட்டி காலி. வீட்டுக்கு 2 குடம் தேறினால் அதிகம். முன்தெருவில் பல வீடுகளில் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருக்கிறார்கள், சில வீடுகளில் மோட்டார். கேட்டால் "தண்ணியே பத்தல, பெரிய தொட்டி கட்டுனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். தண்ணீர் பத்தவில்லை என்பது உண்மையா? 300 மீட்டரில் ஒரு கேட் வால்வு வைத்து முறை போட்டால் தீருமா? எதை, எப்படி அளந்து எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது?

பதில் 1: நீர்க்கணக்கு

முதலில் தண்ணீர்க் கணக்கு. 30,000 லிட்டரை 820 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 36 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதற்கு 45,100 லிட்டர் வேண்டும், அதாவது ஒன்றரைத் தொட்டி. ஆகவே மொத்தத்தில் குறைவு இருப்பது உண்மை.

ஆனால் உங்கள் தெருவின் குறைவுக்கு அது காரணம் இல்லை. வீட்டுக்கு 2 குடம், குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 38 வீட்டுக்கும் சேர்த்து 1,140 லிட்டர். அங்கே ஏறக்குறைய 148 பேர் இருப்பார்கள். ஆளுக்கு 8 லிட்டர்கூட இல்லை. மிச்சம் 28,860 லிட்டரும் மற்ற 672 பேருக்குப் போகிறது, ஆளுக்கு 43 லிட்டர். சமமாகப் பங்கிட்டால் எல்லாருக்கும் 36. மற்றவர்கள் ஆளுக்கு 7 லிட்டர், அரைக் குடம், விட்டுக்கொடுத்தால் உங்கள் தெருவுக்கு இப்போது வருவதைப் போல நாலரை மடங்கு கிடைக்கும். கிராம சபையில் பேசும்போது இந்த அரைக் குடத்தைச் சொல்லுங்கள். "எங்கள் தண்ணீரைப் பறிக்கப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

பெரிய தொட்டி கட்டுவதால் உள்ளே வரும் தண்ணீர் அதிகரிக்காது. வரத்து கூடினால், இருக்கிற தொட்டியையே சாயங்காலம் இன்னொரு முறை பாதி நிரப்பலாம். உயரத்தில் பெரிதாகக் கட்டி, அதே 63 மி.மீ. குழாயில் விட்டால் முன்வீடுகளுக்கு இன்னும் வேகமாகக் கொட்டும், அவ்வளவுதான்.

அடுத்து குழாய். அழுத்தத்தை, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கும் என்ற கணக்கில் மீட்டரில் சொல்கிறேன். 63 மி.மீ. பி.வி.சி.யின் உள்விட்டம் 57 மி.மீ. அளவில் இருக்கும். அதில் நொடிக்கு 1.5 லிட்டர் ஓடினால் 300 மீட்டரில் உராய்வால் போகும் அழுத்தம் 2.3 மீட்டர். நொடிக்கு 3 லிட்டர் ஓடினால் 8.3 மீட்டர். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. வழிநெடுக வீடுகள் எடுத்துக்கொண்டே போவதால் உண்மையான இழப்பு இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 62 வீடும் சேர்ந்து நொடிக்கு 5 லிட்டர் எடுத்தால் முதல் 300 மீட்டரிலேயே 7.5 மீட்டர் அழுத்தம் தீர்ந்துவிடும். தொட்டித் தண்ணீர் இறங்க இறங்க உங்களிடம் இருப்பது 10 மீட்டர். மிஞ்சும் இரண்டரை மீட்டரை மோட்டாரும் குழியும் எடுத்துக்கொள்கின்றன.

அரை மணி நேரம் காற்று வருவதற்கும் இதுதான் காரணம். 600 மீட்டர் குழாய் நிறையவே 1,500 லிட்டருக்கு மேல் வேண்டும். முன்பாதி வீடுகள் திறந்திருக்கும்வரை பின்பாதிக் குழாய் நிறையாது. நிறையத் தொடங்கும் நேரத்தில் தொட்டி காலி.

வால்வு பற்றி: 300 மீட்டரில் வால்வு வைத்தால் நீங்கள் அடைக்கக்கூடியது தெற்குத் தெருவை மட்டும்தான். முன்பாதி 62 வீட்டின் இணைப்பும் அதே குழாயில் நேரடியாக ஏறியிருக்கிறது, அவற்றைத் தனியாக அடைக்க வழி இல்லை. இப்படி வால்வு வைத்து, "முறை போட்டாச்சு" என்று எழுதிக்கொண்டு, கடைசியில் கடைசித் தெருவை மேலும் காயவிட்ட வேலைகள் நிறைய உண்டு. அதை நீங்களே கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

பதில் 2: ஊரணிக்கரை

தம்பி, அளப்பது பற்றி நான் சொல்கிறேன். செலவு 300 ரூபாய்க்குள் முடியும்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் 10 மீட்டர் வாங்குங்கள், கண்ணாடி போல் தெரியும் டியூப். குழாய் வாயில் மாட்டி கிளிப் போட்டு இறுக்குங்கள். மறுமுனையை மூங்கிலில் கட்டி மேலே தூக்குங்கள். தண்ணீர் டியூபில் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த இடத்தில் இருக்கும் அழுத்தம். தரையிலிருந்து டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தொட்டி அருகில் 8, 9 மீட்டர் நிற்கும். கூரைக்கு மேல் போகும், அங்கே மாடி வீடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் முழங்கால் உயரம் நின்றால் ஆச்சரியம். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொறியாளருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது வாளிச் சோதனை. 10 லிட்டர் வாளி, கைப்பேசியில் நேரம். தொட்டிக்கு அருகில் இரண்டு வீடு, நடுவில் இரண்டு, தெற்குத் தெருவின் தொடக்கத்தில் ஒன்று, நுனியில் ஒன்று. வால்வைத் திறந்து 5, 20, 40 நிமிடத்தில் ஒவ்வொரு இடத்திலும் வாளி நிறைய எத்தனை நொடி என்று எழுதுங்கள். ஒருவரே ஓடி ஓடி அளந்தால் நேரம் பொருந்தாது, ஆறு இடத்திலும் ஆறு பேர் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து ஏழு நாள். ஒரு நாள் கணக்கைக் காட்டினால் "அன்னிக்கு கரண்ட் போயிடுச்சு" என்பார்கள். ஏழு நாளுக்கு அந்தப் பேச்சு எடுபடாது.

தொட்டிக்கு உள்ளே வருவதையும் அளக்க வேண்டும். தொட்டி வட்டமாக, உள்விட்டம் 4 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 126 லிட்டர். வெளி வால்வுகளை அடைத்துவிட்டு, ஏற்றும் மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, இரவு இரண்டு மணி நேரத்தில் மட்டம் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் வால்வோ தொட்டியோ கசிகிறது, அதுவும் உங்கள் பங்கிலிருந்துதான் போகிறது.

நோட்டில் தேதி, திறந்த நேரம், அடைத்த நேரம், மின்சாரம் எப்போது போனது, அளந்தவர் கையெழுத்து, கூடவே முன்தெருவைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்தும். அந்தக் கடைசிக் கையெழுத்தை வாங்குவது கஷ்டம்தான். ஆனாலும் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

தென்கோடி

ரொம்ப நன்றி, அக்கா. டியூப் இன்றைக்கே வாங்கிவிடுகிறோம். நீர்க்கணக்கு ஐயா, வால்வு ஆகாது என்றால் வேறு என்ன வழி? புதுக் குழாய் போடும்வரை இடையில் ஏதாவது செய்ய முடியுமா? மோட்டாரைப் பிடுங்குவது ஊரில் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

நீர்க்கணக்கு

நிலையான தீர்வு தனிக் குழாய். தொட்டியிலிருந்து 300 மீட்டர் வரை 90 மி.மீ. பி.வி.சி. புதிதாகப் போட வேண்டும், வழியில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு கிடையாது. 300 மீட்டரில் பழைய குழாயை வெட்டி, முன்பாதியை எண்ட் கேப் போட்டு அடைத்து, பின்பாதியைப் புதுக் குழாயில் ரெட்யூசர் (பெரிய குழாயையும் சிறிய குழாயையும் இணைக்கும் துண்டு) வைத்துச் சேர்க்க வேண்டும். தொட்டியடியில் இப்போது இரண்டு வால்வு, இனி மூன்று: வடக்கு, தெற்கு முன்பாதி, தெற்குத் தெரு.

அழுத்தம் எப்படி மாறும் என்று பாருங்கள். 38 வீடும் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் எடுத்தால் நொடிக்கு 3.2 லிட்டர். 90 மி.மீ. குழாயில் 300 மீட்டருக்கு இழப்பு ஒன்றரை மீட்டர். பின்பாதி 63 மி.மீ.யில் மூன்றேகால் மீட்டர். தொட்டி பாதி காலியான பிறகும் நுனி வீட்டில் 5 மீட்டர் நிற்கும். தெருவின் ஒரு நாள் பங்கு, ஆளுக்கு 36 லிட்டர் வீதம், 5,300 லிட்டர். அரை மணிக்குள் முடிந்துவிடும்.

மதிப்பீட்டில் வழக்கமாக விட்டுப்போகும் சில உருப்படிகள் உண்டு. குழாயின் நுனியில் கழுவிவிடும் வால்வு, வழியில் மேடு இருந்தால் அங்கே ஏர் வால்வு, வளைவுகளிலும் குழாய் கிளை பிரியும் (டீ) இடங்களிலும் கான்கிரீட் தாங்கு கட்டை, வால்வுக்குப் பூட்டுடன் கூடிய தொட்டிக்கட்டு. பள்ளம் 90 செ.மீ. ஆழம், அடியில் மணல். உங்கள் பக்கம் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். மணல் போடாமல் புதைத்தால் இரண்டு கோடைக்குள் ஒட்டு விட்டுக் கசியும். ஒட்டுப் பசை காய ஒரு நாள் விட்டு, அழுத்தச் சோதனை முடிந்த பிறகுதான் மண் மூட வேண்டும். மூடிவிட்டுச் சோதனை செய்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இடைக்கால வழி, தகட்டு வட்டு. ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும், பிரதானக் குழாயில் சேடில் (வீட்டு இணைப்பைப் பிடிக்கும் கவ்வி) உட்காரும் இடத்துக்கு அடுத்த யூனியனுக்குள் (கழற்றிப் பூட்டும் இணைப்பு), 3 மி.மீ. துளை போட்ட பித்தளை அல்லது எவர்சில்வர் வட்டு வைப்பது. அந்தத் துளை வழியாக 10 மீட்டர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 3.7 லிட்டர் போகும், 4 மீட்டரில் 2.3 லிட்டர். தொட்டிக்கு அருகில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். முன்பாதி 62 வீட்டுக்கும் வட்டு போட்டால் அவர்கள் எடுப்பது நொடிக்கு 2.7 லிட்டர் சுற்றி நிற்கும், நுனியில் 2, 3 மீட்டர் அழுத்தம் மிஞ்சும். தெற்குத் தெரு வீடுகளுக்கு வட்டு வேண்டாம்.

நீங்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அரை ஹெச்.பி. மோட்டார் திறந்த குழாயிலிருந்து நிமிடத்துக்கு 30 லிட்டர் உறிஞ்சும். பத்து மோட்டார் ஓடினால் நொடிக்கு 5 லிட்டர், அந்தக் குழாய் தரக்கூடியது முழுவதும் போய்விட்டது. வட்டு இருந்தால், மோட்டார் இழுவையால் 7 மீட்டர் கூடினாலும், துளை வழியாக நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் வராது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் இல்லாமல் பிடிப்பதைவிட ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் கூடும். பிடுங்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

ஒரு வீட்டின் பங்கு 140 லிட்டர், 9 குடம். வட்டோடு அதைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். இப்போது பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இதை ஒளிக்காமல் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். "ஒரு மணி நேரம், ஆனால் 9 குடம் உறுதி" என்று.

வட்டு எங்கே தோற்கும்? பிளாஸ்டிக் வட்டு போட்டால் ஆணியை விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். வீட்டு வாசல் பக்கம் வைத்தால் கழற்றி எறிவார்கள், அதனால்தான் சேடிலுக்கு அடுத்து, மண்ணுக்குள். மூன்றாவது, அடைப்பு. குழாய் வெட்டிய துருவல், மணல் வந்து துளையில் நிற்கும். வட்டு போடுவதற்கு முந்தைய நாள் லைனை நுனிவரை திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். போட்ட முதல் வாரம் ஒரு பிளம்பர் கையோடு இருக்க வேண்டும், ஒரு வீட்டில் அடைத்துக்கொண்டால் அன்றே எடுத்துக் கழுவ வேண்டும். இரண்டு நாள் தாமதமானால் ஊரே சேர்ந்து எல்லா வட்டையும் எடுத்துவிடும்.

பதில் 3: வால்வுசாவி

அண்ணே, ஒரு காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. இரண்டு கிளையையும் ஒன்றாகத் திறக்கக் கூடாது. தொட்டி நிறைந்து நிற்கும்போது தெற்கை மட்டும் முதலில் திறக்கச் சொல்லுங்கள். தொட்டியின் உள்விட்டம் 4 மீட்டர் என்றால், நிறைந்த தொட்டியில் தண்ணீர் உயரம் மட்டும் 2.4 மீட்டர், அது அடிமட்ட 10 மீட்டரோடு கூடுதலாக வரும் அழுத்தம். வடக்குக் கிளை குட்டை, அது பாதித் தொட்டியிலும் ஓடும். தெற்குக்கு 14,000 லிட்டர், அதாவது தொட்டியில் 1.1 மீட்டர் இறங்கும்வரை. தொட்டிச் சுவரில் உள்ள மட்டக் காட்டியில் பெயிண்டில் கோடு போட்டுவிட்டால் கடிகாரமே வேண்டாம். கோடு வந்ததும் தெற்கை அடைத்து வடக்கைத் திறக்கலாம். இதனால் உங்கள் தெரு முழுசாகச் சரியாகாது, முன்தெரு அப்படியேதான் எடுக்கும். ஆனால் முன்தெரு பிடித்து முடித்த பிறகும் தொட்டியில் தண்ணீர் மிஞ்சியிருக்கும், அது உங்களுக்கு வரும்.

வால்வைத் திறக்கும்போது சடாரென்று முழுக்கத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மேட்டில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் இருந்தும் ஓடாது. கால் பங்கு திறந்து பத்து நிமிடம், பிறகு முழுசாக. அந்தப் பத்து நிமிடமும் தெற்குத் தெரு நுனிக் குழாயைத் திறந்தே வைத்திருங்கள், காற்று அதன் வழியாகப் போகட்டும்.

மோட்டார், குழி இரண்டிலும் தண்ணீர் அளவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. முறைவைத்து விடும் குழாய் மற்ற நேரம் காலியாகக் கிடக்கும். பின்னால் காலிக் குழாயை மோட்டார் உறிஞ்சும்போது எந்த ஒட்டில் கசிவு இருக்கோ அந்த வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். குழியில் தேங்கிய தண்ணீரில் குழாய் வாய் மூழ்கியிருந்தாலும் அதேதான். உள்ளே போன அழுக்கு அந்த வீட்டோடு நிற்காது, அடுத்த நாள் திறந்ததும் அடித்துக்கொண்டு நுனித் தெருவுக்கு வரும். அதனால் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள், புழக்கத்துக்கு ஒதுக்குங்கள். நுனி வீட்டில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி) வைத்துப் பாருங்கள். குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தொட்டியடியில் பார்த்து "இருக்கு" என்று எழுதுவது வழக்கம். அந்தக் கணக்கு நுனிக்குச் செல்லாது. பிளீச்சிங் பவுடர் மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும், பிறகு எத்தனை கிராம் போட்டாலும் பலனில்லை.

குழியை மூடச் சொல்வதற்கு ஒரு வழி: அழுத்தம் ஏறிய பிறகு கேளுங்கள். மூன்றடி இறக்கினால் அவர்களுக்குக் கிடைப்பது 0.9 மீட்டர் அழுத்தம். இன்றைக்கு அது பெரிசு. தெற்கை முதலில் திறந்து 4 மீட்டர் நிற்கத் தொடங்கினால் குழியின் அவசியமே போய்விடும். அதற்கு முன்னால் மூடச் சொன்னால் சண்டைதான் வரும்.

பதில் 4: மனுநீதி

கணக்கு எல்லாம் தெளிவாக வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்று குடிநீர் கட்டாயம் பேசப்படும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் எழுதப்பட வேண்டும். "தெற்குத் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்துதர வேண்டும்" என்று எழுதினால் அது காற்றில் போகும். "மேல்நிலைத் தொட்டியிலிருந்து 300 மீட்டர் 90 மி.மீ. தனிக் குழாய், வால்வு 1, கழுவு வால்வு 1, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து" என்று எழுதுங்கள். 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் (2021-26) அந்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதியாக, அதாவது குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் செலவிட வேண்டியதாக, இருந்தது. அதில் பாதி, அதாவது மொத்தத்தில் 30 விழுக்காடு, குடிநீருக்கு. 300 மீட்டர் குழாய்க்குப் பணம் இல்லை என்று சொல்லும் முன் அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லலாம். தீர்மான நகலைக் கையோடு வாங்குங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. ஐந்து விஷயம் மட்டும் கேளுங்கள்: தொட்டி நிரப்பிய நாள்வாரிப் பதிவேடு, குளோரின் பதிவேடு, தெற்குத் தெரு நீட்டிப்புப் பணியின் மதிப்பீடும் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகலும், குழாய் விட்டம், கடைசி வீட்டில் அழுத்தச் சோதனை செய்த விவரம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜல் ஜீவனில் ஒவ்வொரு ஊருக்கும் கிராமக் குடிநீர், சுகாதாரக் குழு உண்டு. 10 முதல் 15 பேர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினர் கால் பங்கு இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெற்குத் தெருப் பெண்கள் இரண்டு பேராவது அதில் இல்லாவிட்டால், அதுவே கிராம சபைக்கான முதல் தீர்மானம். தண்ணீர் திறக்கும் நேரத்தை முடிவு செய்யும் இடத்தில், அதற்காகக் காத்து நிற்பவர்கள் உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு குழாயின் நுனியில் இருப்பது தற்செயல் இல்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெரு, அதனால் கடைசியாக வந்த குழாய், அதனால் கடைசியில் நிற்கும் அழுத்தம். பொறியியல் தவறாகத் தெரிவது அந்தப் பழைய ஒதுக்கலின் தொடர்ச்சி. அழுத்தம் குறைவு என்பது மட்டும் வழக்காகாது. ஆனால் யாராவது வால்வை வேண்டுமென்றே அடைத்தால், பொதுக் குழாயில் பிடிக்க விடாமல் தடுத்தால், அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(za) பிரிவில் வரும், அதாவது கிணறு, குளம், தண்ணீர்க் குழாய் முதலியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது. அந்த நிலை வந்தால் ஊரணிக்கரை அக்கா சொன்ன ஏழு நாள் நோட்டுதான் உங்கள் சாட்சி.

ஊரணிக்கரை

மனுநீதி சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஊருக்கு வரும் வரத்தைப் பற்றி. இந்தத் தண்ணீர் திருச்சி பக்கம் காவிரியில் எடுத்து 150 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. உங்கள் தெரு உங்கள் ஊருக்கு எப்படியோ, உங்கள் ஊரும் அந்தப் பெரிய குழாய்க்கு அப்படித்தான். தரைமட்டத் தொட்டிக்குள் விழும் தண்ணீரையும் ஏழு நாள் அளந்து, எந்த மணியில் வருகிறது, எவ்வளவு என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் நிர்வாகப் பொறியாளருக்குத் தனியாக அனுப்புங்கள். இரண்டு புகாரையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் ஊராட்சி வாரியத்தைக் காட்டும், வாரியம் ஊராட்சியைக் காட்டும்.

ஊரணி இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். காவிரித் தண்ணீர் வந்த பிறகு பல ஊர்களில் வரத்துக்கால் சீமைக்கருவேல் மண்டி அடைந்துவிட்டது. குழாய் உடைந்து நாலு நாள் தண்ணீர் நிற்கும்போது தெற்குத் தெருவுக்குக் கைகொடுப்பது அதுதான். தூர்வாரும்போது வண்டல் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடியில் உள்ள களிமண் படுகையைப் பொக்லைன் கிழித்துவிட்டால் கீழிருந்து உவர் ஏறி, நல்ல தண்ணீர் ஊரணி ஒரே கோடையில் உப்பாகிவிடும். ஆழம் எவ்வளவு என்று ஒப்பந்தக்காரரிடம் விடாமல், முதல் நாளே நாலு மூலையிலும் கையால் குழி போட்டு, களி எந்த அடியில் தொடங்குகிறது என்று பார்த்துக் கம்பு நட்டுவிடுங்கள்.

தென்கோடி

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலை ஆறு இடத்திலும் ஆள் நிறுத்தி அளக்கிறோம். வால்வுசாவி அண்ணே, மட்டக் காட்டிக் கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும்?

வால்வுசாவி

மேலிருந்து, அண்ணே. நிறைந்து வழியும் மட்டத்திலிருந்து கீழே 1.1 மீட்டர். வழிவு குழாய் வாய்தான் உங்கள் பூஜ்யம். தொட்டி முழுசாக நிறையாத நாளில் அந்தக் கோடு செல்லாது. அன்றைக்கு நிற்கும் உயரத்தை அளந்து, அதில் 46 பங்கு தெற்குக்கு, 54 பங்கு வடக்குக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டரிடம் ஒரு அட்டவணை எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவிடுங்கள், ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.